கியர் லிவரை வீட்டிலேயே குட்டையாக்குவது: எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஓட்டுவது பதினோராண்டுப் பழைய, முன்சக்கர இயக்கமும் ஐந்து கியரும் கொண்ட ஒரு சிறிய கார். மீட்டர் 1,40,000 கிலோமீட்டரைக் காட்டுகிறது. எஞ்சினைப் பற்றியோ கிளட்சைப் பற்றியோ எனக்குப் புகார் எதுவும் இல்லை. கியர் மாற்றுவதுதான் சேற்றில் ஊன்றிய கம்பை அசைப்பதுபோல் ஆகிவிட்டது. இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது கை டாஷ்போர்டைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு லிவர் முன்னே போகிறது. கியர் விழுந்ததா இல்லையா என்பது கிளட்சை விட்ட பிறகுதான் எனக்கே தெரிகிறது.

சென்ற வாரம் தோல் உறையையும் நடுக் கன்சோலையும் கழற்றிப் பார்த்தேன். லிவரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உருண்டை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்த உருண்டையின் நடுவிலிருந்து மேலே குமிழ் வரை 280 மி.மீ.; கீழே கேபிள் மாட்டியிருக்கும் கண் வரை 56 மி.மீ. நியூட்ரலிலிருந்து மூன்றாம் கியர் வரை குமிழ் நகரும் தூரத்தை அளந்தால் 75 மி.மீ. வருகிறது. குமிழைத் திருகிக் கழற்றினால் 10 மி.மீ. தடிமனுள்ள தண்டும், 1.5 மி.மீ. இடைவெளியுள்ள மரையும் இருக்கின்றன. ரிவர்ஸுக்குப் போக, குமிழுக்கு அடியில் உள்ள வளையத்தை விரலால் தூக்க வேண்டும்.

என் திட்டம் இதுதான்: மேலிருந்து 40 மி.மீ. வெட்டிவிட்டு, டை (மரை வெட்டும் கருவி) கொண்டு புதிதாக மரை போட்டு, கனமான எஃகுக் குமிழ் ஒன்றை மாட்டுவது. வெட்டி மரை போடுவது நல்லதா, நடுவில் ஒரு துண்டை நீக்கி வெல்டிங் வைப்பது நல்லதா? இதனால் கியர்பாக்ஸுக்குக் கேடு வருமா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

நண்பரே, நீங்கள் அளவுகளோடு எழுதியது நல்லதாகப் போயிற்று. பாதி விடை அந்த அளவுகளுக்குள்ளேயே இருக்கிறது.

கியர் லிவர் என்பது ஒரு நெம்புகோல். அதற்குமேல் அதில் மாயம் ஒன்றும் இல்லை. உங்கள் கணக்கில் மேல்கை 280, கீழ்க்கை 56. அதாவது ஒன்றுக்கு ஐந்து. கீழே கேபிள் 1 மி.மீ. நகர வேண்டுமானால் மேலே உங்கள் கை 5 மி.மீ. நகர வேண்டும். 40 மி.மீ. வெட்டினால் மேல்கை 240 ஆகி, விகிதம் ஏறத்தாழ 4.3 ஆகிறது, குமிழின் ஓட்டம் ஏழில் ஒரு பங்கு குறையும், கையின் விசை ஏறத்தாழ 17 விழுக்காடு கூடும். தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டிலும் லாபம் தரும் வெட்டு எதுவும் கிடையாது.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. நீங்கள் சொல்லும் குறை லிவரின் நீளத்தைப் பற்றியதுபோல் தெரியவில்லை. கார் புதிதாக இருந்தபோதும் இதே 280 மி.மீ. தானே இருந்தது? அப்போது சேற்றில் கம்பு போல் இருந்ததா? இல்லையென்றால், இடையில் மாறியது எது என்று தேடுவதுதான் முதல் வேலை. கேபிளின் முனையில், இணைப்பு ஆடாமலிருக்கச் செருகியிருக்கும் நைலான் அல்லது ரப்பர் வளையமான புஷ் தேய்ந்து 2 மி.மீ. இடைவெளி விழுந்திருந்தால்கூட, அது ஐந்து மடங்காகப் பெருகி, குமிழில் 10 மி.மீ. வெற்று ஆட்டமாகத் தெரியும். நீங்கள் லிவரை வெட்டினால் அந்த ஆட்டமும் எட்டரை மி.மீ. ஆகக் குறையும்; ஆனால் மொத்த ஓட்டத்தில் அதன் பங்கு முன்புபோலவே இருக்கும். சேறு அப்படியே இருக்க, கம்பு மட்டும் குட்டையாகும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். துணைக்கு ஓர் ஆள் போதும். எஞ்சினை அணைத்து, சமதளத்தில் கைபிரேக் போட்டு, பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸின் மேலே இரண்டு கேபிள்களும் வந்து சேரும் சிறு கைகளைப் பாருங்கள். ஒன்று முன்பின் அசைவுக்கு, மற்றொன்று பக்கவாட்டுத் தேர்வுக்கு. கூட இருப்பவரை லிவரை மெதுவாக மூன்றாம் கியர் பக்கம் தள்ளச் சொல்லுங்கள். குமிழ் நகரத் தொடங்கிய பிறகு எவ்வளவு தூரம் கழித்துக் கியர்பாக்ஸின் கை அசைகிறது என்று கவனியுங்கள். அந்த இடைவெளிதான் உங்கள் எதிரி. அது லிவரின் அடியிலுள்ள கிண்ணத்திலும் இருக்கலாம், கேபிளின் நான்கு முனைகளில் ஏதாவது ஒன்றிலும் இருக்கலாம், கேபிள் உறையைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்து உறை முழுவதுமே முன்னும் பின்னும் போய்வருவதாலும் இருக்கலாம். கேபிளுக்குப் பதிலாக நேர்த்தண்டு இணைப்புள்ள கார்களில் எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் பிடிப்பு) தளர்ந்தாலும் லிவர் சேர்ந்து ஆடும்; கேபிளில் அந்தத் தொல்லை குறைவு.

அப்போதே இன்னோர் அளவையும் எடுங்கள். நியூட்ரலிலிருந்து மூன்று வரை, கியர்பாக்ஸ் முனையில் கேபிளின் கண் எத்தனை மி.மீ. நகர்கிறது? அதை ஐந்தால் பெருக்கினால் வருவதுதான் குமிழின் நியாயமான ஓட்டம். உங்கள் 75 அதைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்த்துவிட்டு, பிறகு ரம்பத்தைப் பற்றிப் பேசலாம்.

கியர்பாக்ஸுக்குக் கேடு வருமா என்று கேட்டீர்கள். கியர் மாறும்போது உள்ளே ஃபோர்க் என்ற கவை, தண்டின்மேல் நகரும் ஸ்லீவ் என்ற பல்வளையத்தைத் தள்ளுகிறது. அந்த ஸ்லீவ், பெரும்பாலும் பித்தளையால் ஆன சிங்க்ரோ வளையத்தைக் கூம்பின்மேல் அழுத்துகிறது. உராய்வால் இரண்டின் வேகமும் ஒன்றான பிறகுதான் பற்கள் வழிவிடுகின்றன. இதற்கு ஒரு கண நேரம் வேண்டும். லிவர் குட்டையானதால் அந்த நேரம் குறைந்துவிடாது. குட்டை லிவரால் சிங்க்ரோ கெட்டதாகச் சொல்பவர்களில் பலர் உண்மையில் அந்தக் கண நேரத்தைக் கொடுக்காமல் வெடுக்கென்று தள்ளியவர்கள்தாம். மெதுவாக ஓட்டும் கைக்கு இதனால் கேடில்லை.

பதில் 2

வெல்டிங் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தவறைச் செய்தவன் நான்.

என்னுடைய பழைய காரில் லிவரின் நடுவில் 50 மி.மீ. துண்டை அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒட்டி, நானே வெல்டிங் வைத்தேன். லிவரைக் கழற்றி வைஸில் பிடித்துத்தான் செய்தேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஆனால் அடியிலுள்ள உருண்டை, எஃகுத் தண்டின்மேல் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் என்பதை யோசிக்கவில்லை. தண்டு வழியே இறங்கிய சூட்டில் உருண்டையின் ஒரு பக்கம் இளகி, நகத்தால் கீறியதுபோல் தட்டையானது. மாட்டியபோது இரண்டாம் கியரில் மட்டும் ‘கடுக்’ என்று ஒரு தடங்கல். பரவாயில்லை என்று ஓட்டினேன். நான்கு மாதம் கழித்து, ஒரு சந்திப்பில் பச்சை விளக்கு விழுந்து, முதல் கியரிலிருந்து இரண்டுக்கு இழுத்தபோது குமிழ், தோல் உறை, மேல்பாதித் தண்டு எல்லாம் சேர்ந்து என் கையோடு வந்துவிட்டன. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க, நான் லிவரைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறிந்த முகத்தைப் பார்த்தால், வெல்டிங் வெளிவட்டத்தில் மட்டும் மோதிரம்போல் பிடித்திருக்கிறது. உள்ளே தண்டின் பழைய அறுத்த முகம் பளபளவென்று அப்படியே இருக்கிறது. முனைகளைக் கூர்மையாகச் சாய்த்துச் சீவி, உள்ளிருந்து நிரப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே வெட்டுவதானால் மேல்முனையில் வெட்டி மரை போடுங்கள், சூடு வேண்டாம். ஆனால் அதற்கும் உங்கள் காரில் ஒரு தடை இருக்கிறது. ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்க வேண்டும் என்கிறீர்கள். அந்த வளையத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பியோ, லிவரைச் சுற்றிய பிளாஸ்டிக் குழாயோ கீழே இறங்கி, ரிவர்ஸின் வழியை மறிக்கும் தடுப்பை மேலே தூக்குகிறது. லிவர் 40 மி.மீ. குறைந்தால் அந்தக் கம்பி 40 மி.மீ. நீளம் மிகுந்து தொங்கும். வளையத்தை எவ்வளவு தூக்கினாலும் தடுப்பு எழும்பாது. சிலர் அதைச் சமாளிக்கத் தடுப்பை நிரந்தரமாகத் தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். ரிவர்ஸ் முதல் கியருக்குப் பக்கத்தில் இருக்கும் காரில், உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியரைத் தேடிய கை ரிவர்ஸில் போய் விழும். பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோவே கிடையாது, பற்கள் அரைபடும் சத்தம் பல் கூசச் செய்யும்.

இன்னொன்று. பல கார்களில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி, கியர் லிவருக்குச் சற்று முன்னால், கன்சோலுக்கு அடியில்தான் தளத்தோடு பூட்டப்பட்டிருக்கும். அந்த இடத்தில் கை வைப்பதற்கு முன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்மின் (−) முனையைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். சுத்தியலால் தட்டுவதும், காருக்குள்ளேயே லிவரை அறுத்து இரும்புத் தூளை அந்தப் பெட்டியின் இணைப்புகள்மேல் கொட்டுவதும் வேண்டாம். லிவரைக் கழற்றி வெளியே எடுத்து அறுப்பதற்குக் கூடுதலாக ஆகப்போவது அரை மணி நேரந்தான்.

பதில் 3

மேலே இருவரும் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. இருந்தாலும், குட்டையாக்கவே கூடாது என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிட வேண்டாம். நான் என் காரில் 25 மி.மீ. குறைத்து ஆறு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது. என்னுடையது குமிழையே கீழே அழுத்தி ரிவர்ஸ் போடும் வகை; வளையமோ கம்பியோ இல்லாததால் வேலை எளிதாக இருந்தது.

வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. லிவர் ஒரே எஃகுத் தண்டுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பல லிவர்களில் அதிர்வு கைக்கு வராமலிருக்க, உள்தண்டுக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே ரப்பர் அடைத்திருப்பார்கள். அதை அறுத்தால் மரை போட எதுவும் மிஞ்சாது. தண்டு கீழே போகப்போகத் தடித்தும் இருக்கலாம். 10 மி.மீ. மரைக்கு டை நேராக ஏற வேண்டுமானால், தண்டு 10 மி.மீ. ஐவிட ஒரு மயிரிழை குறைவாக, ஏறத்தாழ 9.85 மி.மீ. ஆக இருக்க வேண்டும், 12 மி.மீ. தண்டில் டையை வலிந்து ஏற்றினால் மரை கோணிக்கொண்டுதான் போகும். லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குவது உத்தமம். கையால் போடுவதானால் முனையை அரத்தால் சாய்த்துச் சீவி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாகப் போக வேண்டும். குமிழ் கோணலாக நின்றால் ஒவ்வொரு நாளும் கண்ணை உறுத்தும்.

விகிதத்தை மாற்ற இரண்டாவது வழியும் உண்டு: மேலே தொடாமல், கீழ்க்கையை நீட்டுவது. கேள்வி கேட்டவரின் அளவில் 56 ஐ 66 ஆக்கினால், விகிதம் 4.24, மேலே 40 மி.மீ. வெட்டியதற்கு ஏறத்தாழ சமம். குமிழ் இருந்த உயரத்திலேயே இருக்கும், வளையமும் கெடாது. பல கேபிள் லிவர்களில் பக்கவாட்டு அசைவு தனியொரு முழங்கை வழியாகப் போவதால் அது மாறாது; முன்பின் ஓட்டம் மட்டும் குறையும். ஆனால் கேபிளின் முனை 10 மி.மீ. இறங்குவதால், கேபிள் உறையிலிருந்து நேராக வெளிவராமல் மடங்கிக்கொண்டு வரும். உறையின் பிடிப்பையும் அதே அளவு இறக்காவிட்டால் கேபிள் ஓரத்தில் தேயும். அடியில் தளம் இடிக்கிறதா என்பதையும் எல்லாக் கியர்களிலும் பார்க்க வேண்டும்.

கனமான குமிழைப் பற்றி: 45 மி.மீ. விட்டமுள்ள எஃகு உருண்டை ஏறத்தாழ 370 கிராம் இருக்கும். அந்த எடை ஒருமுறை நகரத் தொடங்கினால், கியர் விழும் இடத்தில் இருக்கும் சிறு தடங்கலைத் தானே தள்ளிக்கொண்டு போய்விடும். கைக்கு வெண்ணெய்போல் தெரியும். பலர் லிவரை வெட்டிக் கிடைத்த சுகம் என்று நினைப்பது உண்மையில் இந்தக் குமிழின் வேலை. வெட்டுவதற்கு முன் குமிழை மட்டும் மாற்றிப் பத்து நாள் ஓட்டிப் பாருங்கள் என்பேன். ஒரே குறை, வெயிலில் நின்ற காரில் ஏறி அதைத் தொட்டால் கை பழுத்துவிடும். நான் பழைய காலுறை ஒன்றை அதன்மேல் கவிழ்த்து வைக்கிறேன், பார்க்க அழகாக இல்லை. ஏற்கெனவே கியர் தானாக நழுவும் கார் என்றால் இந்த எடை அந்த நோயைக் கூட்டும், அங்கே வேண்டாம்.

எல்லாருக்கும் குட்டைதான் வேண்டும் என்றும் இல்லை. என் அம்மாவுக்குத் தோள்பட்டை வலி வந்தபோது, அவர் ஓட்டும் காரில் மரையுள்ள நீட்டிப்புக் குழாய் ஒன்றை மாட்டி, குமிழை 40 மி.மீ. உயர்த்தினேன். ஓட்டம் கூடியது, விசை எட்டில் ஒரு பங்கு குறைந்தது. ‘இப்போதுதான் கியர் என் பேச்சைக் கேட்கிறது’ என்றார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போனது.

முதல் பதிலில் சொன்னபடி, என் தம்பியை உள்ளே உட்காரவைத்து, பானெட்டைத் திறந்து பார்த்தேன். நியூட்ரலிலிருந்து மூன்று வரை கியர்பாக்ஸ் முனையில் கேபிளின் கண் நகர்வது 13 மி.மீ. ஐந்தால் பெருக்கினால் 65. நான் அளந்தது 75. அந்தப் பத்தும் எங்கே போனது என்று தேட நெடுநேரம் ஆகவில்லை: முன்பின் கேபிளின் கியர்பாக்ஸ் முனையில் புஷ் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கண்ணுக்குள் கறுப்பாகக் கொஞ்சம் தூளும், ஒரு பக்கத்தில் நகத்துணுக்கு அளவுக்கு ரப்பரும் ஒட்டிக்கொண்டிருந்தன. தம்பி குமிழைத் தள்ளத் தள்ள, கேபிளின் கண், அது மாட்டியிருக்கும் உருண்டைத்தலை ஆணியைச் சுற்றி ஆடிவிட்டுப் பிறகுதான் கியர்பாக்ஸின் கையை இழுத்தது. கிண்ணத்தில் ஆட்டம் இல்லை. வறண்டு கிடந்தது, அவ்வளவுதான்.

அந்த முனைக்குப் புதிய புஷ் போட்டேன். இப்போது குமிழின் ஓட்டம் 66 மி.மீ. கியர் விழுவது உள்ளங்கையில் தெரிகிறது. ஒரு மில்லிமீட்டருக்காகச் சண்டை போடப் போவதில்லை.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், குட்டையான லிவர் மீதான ஆசை முழுவதும் போகவில்லை. வளையம் இருப்பதால் மேலே வெட்டப் போவதில்லை. கீழ்க்கையை 5 மி.மீ. மட்டும் நீட்டலாமா என்று பார்க்கிறேன். அதைச் செய்தால் கேபிளை மறுபடி சரிசெய்ய வேண்டுமா? கிண்ணத்துக்கு எந்த கிரீஸ் போடுவது?

பதில் 1

5 மி.மீ. என்றால் 61, விகிதம் 4.6, ஓட்டம் 60 மி.மீ. அளவுக்கு வரும். கேபிள் மடங்கும் அளவும் சிறிது, நியாயமான ஆசைதான்.

கேபிளை மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும். இந்த வேலை முழுவதிலும் அலட்சியமாக இருக்கக் கூடாத இடம் அதுதான். இப்போதே, எதையும் கழற்றுவதற்கு முன், கியர்பாக்ஸின் கை ஒவ்வொரு கியரிலும் எங்கே போய் நிற்கிறதோ அங்கே வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். நீட்டித்த பிறகு லிவரையும் கியர்பாக்ஸையும் நியூட்ரலில் நிறுத்தி, கேபிள் முனையின் கிளிப்பைத் தளர்த்தி, கேபிள் தானாக அமர்ந்த நிலையில் பூட்டுங்கள். சில கார்களில் லிவரை நடுவில் நிறுத்த ஆணி செருகும் துளை இருக்கும். இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பிறகு எஞ்சின் அணைந்த நிலையில் ஒவ்வொரு கியராகப் போட்டு, கை பழைய கோடு வரை போகிறதா என்று பாருங்கள். ஒரு கியரில் 2 மி.மீ. குறைவாக நின்றாலும் அந்தக் கியரின் பற்கள் முழுதாகக் கவ்வவில்லை என்று பொருள். நகரும்போது ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது கியர் வெளியே துள்ளும், அப்படித் துள்ளித் துள்ளியே பற்களின் ஓரம் உருண்டையாகிவிடும். லிவர் கன்சோலிலோ தளத்திலோ முட்டி நிற்பதால் கை கோட்டை எட்டவில்லை என்றால், நீட்டிப்பைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கிரீஸைப் பொறுத்தவரை, கிண்ணத்துக்கும் புஷ்ஷுக்கும் சிலிகான் கிரீஸ். கையில் கிடைத்த பெட்ரோலிய கிரீஸைப் புது ரப்பரில் தடவினால் அது ஊறி உப்பி, பழையதன் வழியிலேயே போகும். பக்கவாட்டுக் கேபிளின் புஷ்ஷையும் அழுத்திப் பாருங்கள். ஒன்று தூளாகிவிட்டதென்றால் அதே வயதுடைய மற்றொன்று நெடுநாள் தாங்காது.